சாவியை யாரிடம் கொடுப்பது?

வாட்ஸ்அப்பில் ஒருவருடைய பெயரைத் தொட்டு உள்ளே போய், 'என்கிரிப்ஷன்' என்ற வரியை அழுத்தினால் ஒரு க்யூஆர் கட்டம் வரும். அதன் கீழே 60 இலக்கங்கள், ஐந்தைந்தாகப் பன்னிரண்டு தொகுதி. சிக்னல் செயலியிலும் இதே கதைதான். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நானும் ஒரு நண்பரும் ஒருமுறை வேலை மெனக்கெட்டு, போனில் ஒருவருக்கொருவர் அந்த எண்களைப் படித்துச் சரிபார்த்தோம். எட்டாவது தொகுதியில் அவர் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் படித்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று நான் கேட்டுவிட்டுக் காத்திருந்த நொடியில் இருவருமே கொஞ்சம் ஆடித்தான் போனோம். மறுபடி படித்தபோது சரியாக வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது அதன் பொருள். செய்தியைச் சுமந்துபோகும் சர்வரின் சொந்தக்காரருக்கே அதைப் படிக்க வழியில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த அளவு ரகசியம் ராணுவங்களுக்கும் தூதரகங்களுக்கும் மட்டுமே வாய்த்தது. இன்று கைபேசி வைத்திருக்கும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த 'எவரில்' கொலைகாரனும் அடக்கம், குழந்தைகளைச் சீரழிப்பவனும் அடக்கம். சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றிவிடும் இப்படிப்பட்ட குறியாக்க (என்கிரிப்ஷன்) மென்பொருளை எந்த நிபந்தனையின் பேரில் பொதுமக்கள் கையில் விடுவது என்று அரசுகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. இதுவரை முயன்று பார்த்த வழிகளையும் முன்மொழியப்பட்ட வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எனக்கு ஒரு வாக்கு இருந்தால் எதற்குப் போடுவேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அளவுகோல்

இந்த விவாதத்தை வழக்கமாக ஒரு தராசில் வைப்பார்கள். ஒரு தட்டில் பாதுகாப்பு, மறு தட்டில் சுதந்திரம். எனக்கு அந்தத் தராசில் நம்பிக்கையில்லை. வங்கிப் பரிமாற்றம், மருத்துவமனைக் கோப்பு, காவல்துறையின் சொந்தக் கம்பியில்லாத் தொடர்பு எல்லாமே குறியாக்கத்தின் மேல்தான் நிற்கின்றன. அதைப் பலவீனப்படுத்தினால் எடை குறைவது இரண்டு தட்டிலும்தான்.

நான் கேட்பது வேறு கேள்வி. ஒரே ஒரு மனிதரின் உரையாடலைத் திறக்க அரசுக்கு எவ்வளவு உழைப்பு தேவை? அதே உழைப்பில் இன்னும் எத்தனை பேருடையது சேர்ந்து திறந்துகொள்ளும்? அந்தக் காலத்தில் ஒருவருடைய கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரிக்க ஒரு ஆள் உட்கார வேண்டும். ஒருவரைப் பின்தொடர நாலைந்து பேர் முறைவைத்து அலைய வேண்டும். ஆகவே யாரை உண்மையிலேயே சந்தேகிக்கிறார்களோ அவரை மட்டும்தான் தொடர்ந்தார்கள். சட்டம் தடுத்ததோ இல்லையோ, சலிப்பும் செலவும் தடுத்தன. இதைச் சில்லறைக் கண்காணிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாவியைத் திருப்பினால் கோடி வீடு திறக்கும் என்றால் அது மொத்த வியாபாரம். அங்கே நம்மைக் காப்பது சாவி வைத்திருப்பவரின் நல்ல மனசும், அந்தச் சாவி களவு போகாத அதிர்ஷ்டமும் மட்டுமே.

பூட்டே சொத்தையாக இருக்கட்டும்

முதல் வழி, மக்களுக்குக் கிடைக்கும் பூட்டை அரசு உடைக்க முடிகிற அளவுக்கு மெலிதாக வைப்பது. இது உண்மையிலேயே நடந்தது. 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சாவியை முன்கூட்டியே ரகசியமாகக் கைமாற்றாமல் பூட்ட உதவும் பொதுச்சாவி முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. முறையோடு வந்தார்கள். அதுவரை அரசுகளின் தனிச்சொத்தாக இருந்த கலை பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கச் சட்டப்படியோ குறியாக்க மென்பொருள், பீரங்கி வகையறாவோடு ஆயுதப் பட்டியலில் இருந்தது. அதனால் 1990-களில் இணைய உலாவிகள் இரண்டு ரகமாக வந்தன: உள்நாட்டுக்கு 128 பிட், ஏற்றுமதிக்கு 40 பிட்.

40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கப் பெரிதாக இருக்கும். 1995-ல் பிரான்சில் டமியன் டோலிகேஸ் என்ற ஆய்வாளர், பல ஆய்வகக் கணினிகளை வைத்து எட்டே நாளில் ஒரு செய்தியை உடைத்துக்காட்டினார். 56 பிட் கொண்ட டி.இ.எஸ். முறை 1977 முதல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற தரமாக இருந்தது. அதை 1998-ல் எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்குள் கட்டிய ஒரு எந்திரம் 56 மணி நேரத்தில் சாய்த்தது. அரசு மட்டும் உடைக்கக்கூடிய பூட்டு என்று ஒன்றைச் செய்தால், சில ஆண்டுகளில் அது யாரும் உடைக்கக்கூடிய பூட்டாகிவிடும். கணினி வேகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்தச் சட்டத்தின் கோமாளித்தனம் பி.ஜி.பி. என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருள் விவகாரத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஃபில் ஸிம்மர்மன் 1991-ல் அந்த மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அது கடல் தாண்டிப் போயிற்று. 1993-ல் அவர் மேல் ஆயுத ஏற்றுமதி விசாரணை. 1995-ல் எம்.ஐ.டி. பதிப்பகம் அதே நிரலை அச்சிட்டுப் புத்தகமாக வெளியிட்டது. நெகிழ்வட்டில் போனால் ஆயுதம். அட்டை போட்டு வந்தால் புத்தகம்! 1996 ஜனவரியில் வழக்கு எதுவும் போடாமல் விசாரணையைக் கைவிட்டார்கள். 1997-ல் பி.ஜி.பி.யின் இன்னொரு பதிப்பு ஆயிரக்கணக்கான அச்சுப் பக்கங்களாக வெளிநாடு போய், அங்கே ஸ்கேன் செய்யப்பட்டு மறுபடி மென்பொருளாயிற்று. 2000 தொடக்கத்தில் ஏற்றுமதி விதிகள் பெருமளவு தளர்ந்தன.

அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. ஏற்றுமதிக்காகச் செய்த அந்தச் சொத்தைப் பூட்டுகள் சர்வர்களின் மூலையில் யாரும் கவனிக்காமல் கிடந்தன. 2015-ல் ஃப்ரீக், லாக்ஜாம் என்ற இரண்டு தாக்குதல்கள் தெரியவந்தன. நல்ல பூட்டுப் போட்டிருந்த தளங்களை ஏமாற்றி, பழைய மெலிந்த பூட்டுக்கு இறக்கிவிடும் தந்திரம் அது. சட்டம் செத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதன் கழிவு வேலை செய்தது. இந்த வழிக்கு இன்று யாரும் வெளிப்படையாகக் கொடி பிடிப்பதில்லை. நானும் இதோடு விட்டுவிடுகிறேன்.

பூட்டு நல்லதே, ஆனால் ஒரு சாவி எங்களிடம்

இதுதான் மீண்டும் மீண்டும் முளைக்கும் வழி. ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் வரும். இதன் நியாயத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீதிமன்ற ஆணை இருந்தால் வீட்டையும் பெட்டகத்தையும் திறக்கலாம். கைபேசி மட்டும் எந்த ஆணைக்கும் கட்டுப்படாத தனித் தீவாக இருக்கலாமா? கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடும் அதிகாரி முன்னால் பூட்டிய கைபேசி கிடக்கும்போது, கணிதம் இடம் கொடுக்கவில்லை என்று அவரிடம் சொல்வது எளிதல்ல.

இதன் ஆதி வடிவம் 1993 ஏப்ரலில் அமெரிக்க அரசு அறிவித்த கிளிப்பர் சில்லு. தொலைபேசிக்குள் வைக்கும் சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவியை இரண்டு துண்டாக்கி, ஒன்று நிஸ்ட் எனப்படும் தரநிர்ணய நிறுவனத்திடமும் மற்றது கருவூலத் துறையிடமும் இருக்கும். ஆணையோடு வந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். தாளில் பார்த்தால் எவ்வளவு ஒழுங்கு! ஒவ்வொரு அழைப்பின்போதும் சில்லு ஓர் அடையாளத் துண்டை அனுப்பும். காவல்துறை அதைப் பிடித்துத்தான் சாவியைத் தேடும். அந்தத் துண்டு போலியா என்று சோதிக்க வைத்திருந்த சரிபார்ப்பு எண் 16 பிட் மட்டுமே, அதாவது 65,536 வாய்ப்புகள். 1994-ல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்தார். ஒரு மணி நேரத்துக்குள் கணினியே எல்லா வாய்ப்பையும் போட்டுப் பார்த்து ஒரு போலித் துண்டைச் செய்துவிடும். பிறகு அரசு தந்த அதே உறுதியான பூட்டை, அரசுக்குச் சாவி கிடைக்காதபடி பயன்படுத்தலாம். ஏமாற்ற நினைத்தவனுக்குக் கதவு திறந்தது. ஒழுங்காக வாங்கியவனின் சாவி மட்டும் அலமாரியில் இருந்திருக்கும். அந்தச் சில்லை அரசுக்கு வெளியே கிட்டத்தட்ட யாரும் வாங்க முன்வரவில்லை. இரண்டு மூன்று ஆண்டில் திட்டம் ஓய்ந்தது.

பிளேஸ் கண்டது வடிவமைப்புப் பிழை, அதைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், சாவி எங்கோ இருக்கிறது என்பதே. அமெரிக்க விமான நிலையங்களில் பயணப்பெட்டியைச் சோதிக்க டி.எஸ்.ஏ. அதிகாரிகள் கொத்துச்சாவி வைத்திருப்பார்கள். அதற்கு ஒத்துவரும் பூட்டுகளைத்தான் பயணிகள் வாங்கினார்கள். 2014-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பெட்டிச் சோதனை பற்றிய ஒரு கட்டுரையோடு அந்தச் சாவிக்கொத்தின் படமும் வந்துவிட்டது. மறு ஆண்டு யாரோ அந்தப் படத்திலிருந்து பல்வரிசையை அளந்து, முப்பரிமாண அச்சில் எடுக்கத்தக்க கோப்புகளை இணையத்தில் போட்டார்கள். சாவி களவே போகவில்லை. படம் பிடிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

பெட்டிப்பூட்டு அற்பம். கிரேக்க நாட்டில் நடந்தது அற்பமல்ல. அங்கே ஒரு பெரிய கைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சில், நீதிமன்ற ஆணைப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் உள்ளே இருந்தது. நிறுவனம் அதை முறைப்படி பயன்படுத்தத் தொடங்கும் முன்பே வேறு யாரோ தொடங்கிவிட்டார்கள். 2004 முதல் 2005 வரை பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூறுக்கும் மேற்பட்டோரின் அழைப்புகள் வேறு கைபேசிகளுக்குப் பிரதியாகிப் போய்க்கொண்டிருந்தன. வேலி கட்டியவனே வைத்த வாசல் வழியாக ஆடு உள்ளே வந்த கதை.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. டூயல் இ.சி. என்ற, சாவிகளுக்கான தற்செயல் எண்களை உருவாக்கும் முறையை அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. முன்னின்று கொண்டுவந்து, 2006-ல் நிஸ்ட் அதைத் தரமாக ஏற்றது. அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தேர்ந்தவருக்கு அதன் பின்னணி தெரிந்திருந்தால், வரப்போகும் 'தற்செயல்' எண்களையெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று 2007-லேயே இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். என்.எஸ்.ஏ.யின் உள் ஆவணங்களை ஸ்னோடன் கசியவிட்ட பிறகு 2014-ல் அது விலக்கப்பட்டது. ஆனால் ஜூனிபர் நிறுவனத்தின் ஃபயர்வால் மென்பொருளில் அந்த முறை ஏற்கெனவே நுழைந்திருந்தது. யாரோ நிறுவனத்துக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து, அந்த எண்ணை மட்டும் மாற்றித் தங்கள் எண்ணை வைத்திருந்ததாக 2015 டிசம்பரில் தெரியவந்தது. புதிதாகக் கன்னம் வைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த புழக்கடைக் கதவின் பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

2024-ல் சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசோடு தொடர்புடையதாக அமெரிக்கா சொல்லும் குழு அங்குள்ள தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்தது. நீதிமன்ற ஆணைகளின்படி காவல்துறை கேட்டிருந்த தகவல்களும் அதில் நகலெடுக்கப்பட்டன. அந்த டிசம்பரில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு நிறுவனம் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சொன்ன அறிவுரையைக் கேளுங்கள்: முனைக்கு முனை குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிவது) உள்ள செயலிகளையே பயன்படுத்துங்கள். கிளிப்பர் சில்லை விற்க அலைந்த அதே அரசு!

இந்த வழியின் மிகப் புத்திசாலித்தனமான வடிவத்தையும் பார்த்துவிடலாம். 2018-ல் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.கியூ.வின் அதிகாரிகள் இருவர் முன்வைத்தது அது. பூட்டைத் தொடவே வேண்டாம். உரையாடலில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது நபரைச் சேர்த்துவிட்டால் போதும். கணிதம் அப்படியே இருக்கும், ஒரு சாவி மட்டும் கூடுதலாக இருக்கும். விமர்சகர்கள் இதை 'பேய்' என்றார்கள், பொருத்தமான பெயர். நானும் நண்பரும் படித்துப் பார்த்தோமே அந்த 60 இலக்கங்கள், அவை இந்த மாதிரி விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கத்தான் இருக்கின்றன. ஆக, பேய் உள்ளே வர வேண்டுமென்றால் செயலி நம்மிடம் பொய் சொல்ல வேண்டும். ஒருமுறை பொய் சொல்லக் கற்றுக்கொண்ட செயலி யாருக்காகப் பொய் சொல்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பில் அரசு அணுகல் கேட்டு ரகசிய ஆணை பிறப்பித்ததாகச் செய்தி வந்தது. ஆப்பிள் பின்வாசல் வைக்கவில்லை; அந்த உயர்நிலைக் குறியாக்க வசதியையே பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்கு நிறுத்தியது. குற்றவாளிக்கு வேறு செயலி கிடைக்கும். சாதாரண ஆளின் புகைப்படங்கள்தான் முன்பைவிட மெல்லிய பூட்டுக்குள் போயின.

அனுப்பும் முன்பே கைபேசியில் சோதிப்பது

என்னைத் தூங்கவிடாத வழி இதுதான். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் பற்றி அமெரிக்காவின் என்.சி.எம்.இ.சி. என்ற குழந்தைகள் பாதுகாப்பு மையத்துக்கு 2020-ல் மட்டும் இரண்டு கோடிக்கும் மேல் புகார்கள் வந்தன. மிகப் பெரும்பாலானவை ஃபேஸ்புக் அனுப்பியவை. நிறுவனத்தால் படங்களைப் பார்க்க முடிந்ததால் அனுப்ப முடிந்தது. குறியாக்கம் வந்துவிட்டால் அந்தக் கண் மூடும். இதைக் கண்டும் காணாமல் "தனியுரிமை புனிதம்" என்று முழங்குபவர்களோடு எனக்கு ஒட்டாது.

இதற்குத் தீர்வாக 2021 ஆகஸ்டில் ஆப்பிள் ஒரு திட்டம் அறிவித்தது. சட்டவிரோதப் படங்களின் எண்ரேகைப் பட்டியலை (எண்ரேகை என்பது படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்) கைபேசிக்குள் வைத்து, கிளவுடுக்குப் போகும் படங்களை அங்கேயே ஒப்பிடுவது. அறிவித்த சில நாட்களில், ஒரே எண்ரேகை தரும் சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். செப்டம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. இதற்கிடையே 2022 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் இதே திசையில் ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தது. அதன் மேல் உறுப்பு நாடுகள் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டன.

இதில் என்னைத் தடுப்பது இரண்டு விஷயம். ஒன்று வெறும் கணக்கு. ஒரு நாளைக்கு நூறு கோடிப் படங்கள் சோதிக்கப்படுகின்றன, பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தினமும் ஆயிரம் பேர் ஒரு பாவமும் அறியாமல் மிக இழிவான சந்தேகத்தில் விழுவார்கள். இரண்டாவது அந்தப் பட்டியல். அதில் இருப்பவை சட்டவிரோதப் படங்கள் என்பதால் அதை யாரும் வெளியிட்டுச் சரிபார்க்க முடியாது. எண்ரேகையைப் பார்த்து மூலப்படம் என்னவென்று சொல்லவும் முடியாது. நாளை ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் அமைச்சர், ஒரு கேலிச்சித்திரத்தின் எண்ரேகையை அதில் சேர்த்தால் யார் கண்டுபிடிப்பது? எல்லோருடைய சட்டைப்பையிலும் சோதனைச் சாவடி. அங்கே எதைத் தேடுகிறார்கள் என்பது ரகசியம். என் அளவுகோலில் இது மொத்த வியாபாரத்தின் உச்சம்.

குழந்தைகளைக் கைவிட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது. குறியாக்கம் உள்ள செயலிகளிலும் பெறுபவர் புகார் செய்யலாம். புகார் செய்யும் செய்தி அப்போது நிறுவனத்துக்குத் தெரியும். வாட்ஸ்அப் போன்றவற்றில் முகப்புப் படம், குழுப் பெயர், குழுப்படம் குறியாக்கத்துக்குள் வருவதில்லை. வயது வந்த ஒருவர் முன்பின் தெரியாத ஐம்பது சிறுவர்களுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பினால், உள்ளடக்கத்தைப் படிக்காமலே அந்த நடத்தை தெரியும். இதெல்லாம் சேர்ந்தாலும் பழைய எண்ணிக்கைக்கு ஈடாகாது. இந்த இழப்பை ஒப்புக்கொண்டுதான் நான் இந்த வழியை வேண்டாம் என்கிறேன்.

முதலில் அனுப்பியவர் யார்?

இந்தியா 2021-ல் கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகளிடம் வேறொன்றைக் கேட்கின்றன. செய்தியைப் படிக்க வேண்டாம், ஆணை வந்தால் முதலில் அனுப்பியவரைச் சொன்னால் போதும். வதந்தியால் உயிர்ப்பலி ஏற்படும் நாட்டில் கேட்கத்தக்க கேள்விதான். வாட்ஸ்அப் அந்த மே மாதமே டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நடைமுறையில் இது தடுமாறும். ஒரு வதந்தியின் ஊற்றைக் கண்டுபிடிக்க, அனைவரும் அனுப்பும் அனைத்திலும் முன்கூட்டியே ஓர் அடையாளம் பதித்து வைத்திருக்க வேண்டும்; எது வதந்தியாகப் போகிறதென்று அனுப்பும் கணத்தில் யாருக்கும் தெரியாதே. எண்ரேகை வைத்துத் தேடினால் ஒரு காற்புள்ளியைச் சேர்த்த உடனே அது வேறு செய்தியாகிவிடும். வேறு தளத்தில் பார்த்து நகலெடுத்து ஒட்டியவர்தான் இங்கே 'முதல்வர்' ஆவார். விஷமி தப்புவான், அத்தை மாட்டுவார்.

பூட்டை விட்டுவிட்டு ஆளைத் தேடுவது

எஞ்சிய வழி இதுதான்: குறியாக்கத்தைத் தொடாமல், ஆணை பெற்ற ஒரு குறிப்பிட்ட கருவிக்குள் நுழைவது. எவ்வளவு உறுதியான பூட்டும் செய்தி பயணம் போகும்போதுதான் காக்கும். திரையில் எழுத்தாகத் தெரியும்போது அது திறந்துதானே இருக்கிறது.

2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பின், கொலையாளியின் ஐபோன் 5சி பூட்டை எளிதாக்கும் சிறப்பு மென்பொருளை எழுதித் தருமாறு 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆப்பிளுக்கு ஆணையிட்டது. ஆப்பிள் மறுத்தது. நாடே இரண்டு கட்சியாகி வாதாடிக்கொண்டிருக்க, மார்ச் இறுதியில் எஃப்.பி.ஐ. வெளியாள் ஒருவர் உதவியோடு அந்தப் போனைத் திறந்துவிட்டு வழக்கைத் திரும்பப் பெற்றது. சட்டப் போராளிகள் பலருக்கு இதில் ஏமாற்றம். எனக்கு இதுதான் சரியான முடிவாகப் பட்டது: ஒரு கைபேசிக்கு நிறைய செலவு, நிறைய உழைப்பு, மற்ற கோடிக்கணக்கான கைபேசிகள் அப்படியே.

பெரிய அளவிலும் இது பலித்திருக்கிறது. 2020-ல் பிரெஞ்சு, டச்சு காவல்துறைகள், குற்றவாளிகள் நிறையப் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற குறியாக்கக் கைபேசி வலையமைப்புக்குள் புகுந்தன. ஏனோம் என்ற 'ரகசிய' கைபேசிச் சேவையை எஃப்.பி.ஐ.யே திரைமறைவில் நடத்தி, குற்றவாளிகளுக்குச் சுமார் 12,000 கருவிகளை விற்கவைத்து, 2021 ஜூனில் 800-க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. எலிக்கு வைத்த பொறியை எலியே காசு கொடுத்து வாங்கிப்போன கதை. (என்க்ரோசாட்டில் சுமார் 60,000 பயனர்கள் மொத்தமாகத் திறக்கப்பட்டார்கள் என்பது என் சில்லறைக் கணக்குக்கு உதைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

உள்ளடக்கம் தெரியாவிட்டாலும் மெட்டாடேட்டா பேசும்: யார், யாருக்கு, எந்த நேரத்தில், எங்கிருந்து. சிக்னலிடம் 2016-ல் நீதிமன்றம் வழியாக ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே அவர்களிடம் இருந்தன. ஆனால் சிக்னல் விதிவிலக்கு. மற்ற பெரும்பாலான சேவைகள் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவைத்திருக்கின்றன. பாஸ்வேர்டைச் சொல்ல மறுத்தால் சிறை என்பதும் இந்த வழியின் கிளைதான். பிரிட்டனில் இரண்டாண்டு, தேசப் பாதுகாப்பு, குழந்தைகள் தொடர்பான வழக்கில் ஐந்தாண்டு. உண்மையிலேயே மறந்துவிட்டவரும் மறந்ததுபோல் நடிப்பவரும் நீதிபதிக்கு ஒரே மாதிரி தெரிவார்கள் என்பதால் இந்தக் கிளையில் எனக்கு ஒப்புதல் இல்லை.

"எதுவும் செய்யாதே" கட்சி

குறியாக்கத்தை அப்படியே விடு, காவல்துறை பாடு காவல்துறைக்கு என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு நிறைய. நிரல் பொதுவில் இருக்கிறது, தடை போட்டால் கெட்டவன் நகலெடுத்துத் தனக்கென்று ஒன்று செய்துகொள்வான் என்பது அவர்களின் வலுவான வாதம். பாதி உண்மை. குற்றவாளிகளிலும் பெரும்பாலோர் சோம்பேறிகள். கைபேசியோடு என்ன வந்ததோ அதையே பயன்படுத்துவார்கள். இயல்பாக எது அமைந்திருக்கிறது என்பதில் காவல்துறைக்கு நிஜமான லாபநட்டம் உண்டு. அதை மறைத்து வாதாடுவது நம் பக்கத்தைத்தான் பலவீனமாக்கும்.

நிரல் திறந்திருக்கிறது, ஆயிரம் கண் பார்க்கிறது என்ற நம்பிக்கையும் கொஞ்சம் மிகைதான். இணையதளங்கள் பலவும் பூட்டாகப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014-ல் தெரியும்வரை இரண்டாண்டு யார் கண்ணிலும் படவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சிறிய சுருக்கு நிரலில் ஒருவர் இரண்டாண்டுகள் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பின்வாசல் வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் எஸ்.எஸ்.எச். நுழைவு (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) ஏன் அரை நொடி தாமதமாகிறது என்று குடைந்ததில் அது சிக்கியது. அரை நொடி! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் குடைந்து பார்க்க முடிந்தது. சட்டப்படி ரகசியமாகக் கட்டளையிட்டு வைத்த பின்வாசலாக இருந்தால், அவர் வாயைத் திறக்க முடிந்திருக்குமா?

என் வாக்கு

உறுதியான குறியாக்கம் எல்லோருக்கும், இயல்பாகவே, சாவி ஒப்படைப்பு இல்லாமல். காவல்துறைக்கு ஆணையோடு ஒவ்வொரு கருவியாக நுழையும் அதிகாரம், அதற்கான பணமும் ஆளும். இந்தக் கூட்டணிக்குத்தான் என் வாக்கு. சில வழக்குகள் கண்டுபிடிக்கப்படாமல் போகும். சாவி ஒப்படைப்பிலும் போகும்; அங்கே கூடுதலாகச் சாவியும் போகும்.

இந்தத் தேர்வின் ஓட்டையை நானே சொல்லிவிட வேண்டும். கருவிக்குள் நுழைய ஓட்டை வேண்டும்; ஓட்டை வேண்டுமென்றால் அதைத் தயாரிப்பாளரிடம் சொல்லாமல் பதுக்க வேண்டும். அந்தச் சந்தையில் பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் விற்கப்படுகின்றன. 2019-ல் வாட்ஸ்அப்பின் ஓர் ஓட்டை வழியே சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டபோது அதில் பத்திரிகையாளர்களும் மனித உரிமையாளர்களும் இருந்தார்கள். சில்லறை வியாபாரியும் தப்பான ஆளுக்கு விற்பான். ஆகவே ஆணை கொடுப்பது அமைச்சகமாக இருக்கக் கூடாது, நீதிபதியாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை கருவிகள் என்ற எண்ணிக்கை வெளியிடப்பட வேண்டும். யாருடைய கருவி திறக்கப்பட்டதோ அவருக்கு வழக்கு முடிந்த பின்னாவது தெரிவிக்க வேண்டும்.

இவற்றைவிடக் கடினமான நிபந்தனை நாட்கணக்கு. என்.எஸ்.ஏ. பதுக்கியிருந்த எடர்னல்புளூ என்ற விண்டோஸ் ஓட்டைக் கருவி களவு போய், 2017 ஏப்ரலில் வெளியானது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டும், நிறுவிக்கொள்ளாதவர்கள் ஏராளம். மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற தீநிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டன் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. ஓர் ஓட்டையை அரசு எத்தனை நாள் கையில் வைத்திருக்கலாம்? தனியார் ஆய்வாளர்களிடையே இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ, தான் கண்ட ஓட்டையைத் திருத்தத் தயாரிப்பாளருக்கு 90 நாள் தருகிறது, அதற்குப் பிறகு பொதுவில் வெளியிடுகிறது. அரசுக்கும் அதே 90 நாளை வைக்கலாமென்பது என் கணக்கு. நடக்கும் வழக்கு ஒன்றுக்குத் தேவை என்று நீதிபதி எழுதிக் கொடுத்தால் இன்னொரு 90 நாள், அதற்கு மேல் கிடையாது. புலனாய்வாளர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு நல்ல ஓட்டையைக் கண்டுபிடிக்கவே அதைவிட அதிக நாள் பிடிக்கும் என்பார்கள். அந்த எண்ணில் பேரம் பேச நான் தயார். எண்ணே இல்லாத சட்ட வரைவைக் கொண்டுவந்தால் மட்டும் என் வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்.